பேலா பார்டோக்: உழவர் பாட்டைப் பாடமாக்கிய இசையறிஞர்

பியானோவை நம் இளைஞர்களுள் பெரும்பாலோர் திரைப்படங்களிலும் ஒருசில மாதாகோயில்களிலுமே கண்டிருப்பர். ஆர்மோனியத்தில் உள்ளவை போன்றே கறுப்பும் வெள்ளையுமாக 88 கட்டைகள் அதில் உண்டு. கட்டையை அழுத்தினால், உள்ளே கம்பளித்துணி போர்த்த சிறு சுத்தியல் எழுந்து, முறுக்கேற்றிய கம்பியைத் தட்டி ஓசை எழுப்பும். விலை மிகுந்த கருவி. ஆகவே ஐரோப்பாவில் நெடுங்காலம் அது வசதி படைத்தோர் வீட்டுக் கூடத்துப் பொருளாகவே இருந்தது. அதைக் கற்கும் குழந்தைகளுக்கென எழுதப்பட்ட எளிய பாடங்களிலும் அக்கூடத்தின் மணமே வீசியது.

ஜெர்மானிய இசைமேதை பாக், தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725ஆம் ஆண்டில் தொடங்கிய இசைக் குறிப்பேடு இன்றும் தொடக்க மாணவர் கையில் இருக்கிறது. அதில் மிகுதியாகப் பயிலப்படுவது மினுவெட் என்னும் ஆட்டம். பிரெஞ்சு அரசவையில் பட்டாடை உடுத்தோர் அளந்து அளந்து அடிவைத்து ஆடியது. ஷூமன் என்பார் 1848இல், தம் பெண்மக்களை மனத்திற்கொண்டு, 43 சிறு பாடங்கள் அடங்கிய இளையோர் தொகுப்பு ஒன்றை எழுதினார். மகிழ்ச்சியான உழவன் ஒருவன் வேலை முடிந்து வீடு திரும்புவதைப் பற்றிய பாடமும் அதில் உண்டு. கேட்க இனியது, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அது நகரத்து அறையில் அமர்ந்து எண்ணிப் பார்த்த உழவனின் மகிழ்ச்சியே. மெய்யான உழவன் வீடு திரும்பும்போது என்ன பாடினான், திருமணத்தில் எந்த ஆட்டம் ஆடினான், அவன் மனைவி தொட்டிலருகே எதை முணுமுணுத்தாள் என்று அந்நூல்களில் தேடினால் கிடைக்காது. அதைத் தேடிச் சென்று கேட்டு, எழுதி, குழந்தையின் பத்து விரல்களுக்கு ஏற்ற பாடமாக்கித் தந்தவர் ஹங்கேரி நாட்டினரான பேலா பார்டோக்.

பார்டோக் 1881ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள், நஜ்சென்ட்மிக்லோஷ் என்ற சிற்றூரில் பிறந்தார். அன்று ஹங்கேரிக்கு உட்பட்டிருந்த அவ்வூர் இன்று ருமேனியாவில் உள்ளது. தந்தையார் வேளாண்மைப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர். பியானோவும் செல்லோவும் வாசிக்க வல்லவர். ஊரில் ஆர்வமுடையோரைக் கூட்டி வாத்தியக்குழு ஒன்றையும் அமைத்தார். தாயார் பவுலாவும் ஆசிரியையே. குழந்தைக்கு அம்மைப்பால் குத்தியதன் விளைவாக உடலெங்கும் படை கண்டது. ஐந்து வயது வரை அது நீங்கவில்லை. பிறர் கண்ணிற் படக் கூசி, ஒத்த வயதுப் பிள்ளைகளோடு சேராமல், வீட்டுக்குள்ளேயே வளர்ந்தான் அச்சிறுவன். நான்கு வயதில், தான் கேட்டறிந்த பாட்டுகளுள் ஏறக்குறைய நாற்பதை ஒற்றை விரலால் கட்டைகளில் தட்டிக் காட்டுவானாம். ஐந்தாம் பிறந்த நாளன்று தாயாரே முதற்பாடம் தொடங்கி வைத்தார்.

1888இல் தந்தையார் இறந்தார். மகனுக்கு ஏழு வயது; இளையவள் ஒரு பெண். தாயார் ஆசிரியப் பணியேற்று, ஊர்விட்டு ஊர் மாறி, இரு குழந்தைகளையும் காப்பாற்றினார். மாறுதல் உத்தரவு வந்ததும் பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டும் ஆசிரியர் குடும்பத்தின் நிலையை நம்மவர் பலர் அறிவர். நஜ்சோலோஷ் என்ற ஊரில் இருந்தபோது, ஒன்பது வயதுச் சிறுவன் சிறு சிறு ஆட்ட இசைகளைத் தானே இயற்றத் தொடங்கினான். வால்ட்சு, போல்கா முதலிய நகரத்து ஆட்டங்களே அவை. வேறு எதையும் அவன் அதுவரை கேட்டதில்லை. 1892ஆம் ஆண்டு மே முதல் நாள் அவ்வூரில் நடந்த நிகழ்ச்சியில் முதன்முதலாக மேடையேறி, தானே இயற்றிய டான்யூப் ஆற்றைப் பற்றிய இசையையும் வாசித்தான். இறுதியில் தாயார் போஜோனி நகரத்தில் நிலையான பணி பெற்றார். இன்று சுலோவாக்கியாவின் தலைநகராகப் பிராடிஸ்லாவா என்ற பெயரோடு விளங்குவது அந்நகரமே. அங்கேதான் பையனுக்கு முறையான இசைக்கல்வி வாய்த்தது.

1899இல் வியன்னா நகரத்து இசைப்பள்ளி அவரை ஏற்க அணியமாக இருந்தது. அவரோ பூடாபெஸ்டு நகரத்து இசைக்கழகத்தையே தேர்ந்தார். அக்காலத்தில் ஹங்கேரி ஆஸ்திரியப் பேரரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. நாட்டுணர்ச்சி இளைஞரிடையே கொழுந்துவிட்டு எரிந்தது. பார்டோக்கும் நாட்டு உடை உடுத்தார். 1903இல், 1848ஆம் ஆண்டு விடுதலைப் போரின் தலைவர் கோசூத் பெயரால் பெரும் இசைப்படைப்பு ஒன்றை இயற்றிப் புகழும் பெற்றார். ஆனால் எது ஹங்கேரிய இசை? அன்றைய கற்றவர்கள் எல்லோரும் ஒரே விடை வைத்திருந்தனர். காப்பிக் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் ஜிப்சி வாத்தியக்குழுவினர் வாசித்த இசையே நாட்டின் இசை என்பது அவ்விடை. அந்தப் பாட்டுகளில் பெரும்பகுதி மேட்டுக்குடியினர் பொழுதுபோக்காக எழுதியவை என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. வயலிலும் பண்ணையிலும் உழைத்த மக்களிடம் தனியே ஓர் இசை உண்டென்றோ, அஃது எழுதி வைக்கத் தக்கதென்றோ நினைத்தவர் மிகச் சிலர். உழைப்போர் பாட்டை இசையே அன்று என ஒதுக்கும் வழக்கத்தைப் பற்றி இம்மலரின் வாசகர்க்கு நான் விளக்கவேண்டியதில்லை.

1904ஆம் ஆண்டுக் கோடையில் பார்டோக் கெர்லிசேபுஸ்டா என்ற சிற்றூரில் தங்கிப் பியானோ பயின்றுவந்தார். அப்போது அவருக்கு வயது 23. அதே இடத்தில் தங்கியிருந்த நகரத்துக் குடும்பம் ஒன்று, குழந்தையைப் பார்த்துக்கொள்ள லிடி டோஷா என்ற பணிப்பெண்ணை உடன் அழைத்து வந்திருந்தது. டிரான்சில்வேனியா மலைநாட்டில் கிபேட் என்னும் ஊரினள், பதினெட்டு வயதினள். குழந்தைக்காக அவள் பாடிய பாட்டு அடுத்த அறையிலிருந்த பார்டோக்கின் செவியில் விழுந்தது. சிவந்த ஆப்பிள் ஒன்று சேற்றில் விழுந்ததைப் பற்றிய பாட்டு அது. இசைக்கழகத்தில் நான்காண்டு கற்றும் அப்படியொரு போக்கை அவர் கேட்டதில்லை. அவளை அழைத்து மீண்டும் பாடச் சொல்லி எழுதிக்கொண்டார்; வேறென்ன பாட்டுகள் தெரியும் என்று கேட்டு அவற்றையும் எழுதினார். பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் வீட்டுப் பணிப்பெண்ணின் முன் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்த அந்த நாள்தான் அவருடைய பிற்கால வாழ்வின் முதல் நாள் எனலாம்.

மறு ஆண்டில் சோல்தான் கோடாய் என்ற மற்றோர் இளைஞரோடு நட்புக் கொண்டார். இருவரும் பாட்டுத் தேடும் பணியைப் பங்கிட்டுக்கொண்டனர். 1906இல் இருபது நாட்டுப்பாடல்களைப் பியானோத் துணையோடு சேர்த்து வெளியிட்டனர், நகரத்தார் பொருட்படுத்தவில்லை, நூல் நெடுங்காலம் விற்காமல் கிடந்தது. அவர்கள் தளர்ந்தாரில்லை. எடிசன் கண்டுபிடித்த போனோகிராப் கருவியைச் சுமந்துகொண்டு பார்டோக் ஊர் ஊராக நடந்தார், மாட்டுவண்டியில் சென்றார், குடிசைத் திண்ணையில் உறங்கினார். மெழுகாலான உருளை சுழலும். பாடுபவர் வாய்க்கு எதிரே பெரிய ஊதுகுழல் போன்ற கூம்பு நிற்கும். ஓர் உருளையில் சில நிமிடப் பாட்டே பதியும். பிறகு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு நெளிவையும் சுளிவையும் தாளில் எழுதுவார். பாடியவர் பெயர், வயது, ஊர், நாள் எல்லாவற்றையும் குறிப்பார். முதிய பெண்கள்தாம் பழைய பாட்டுகளின் களஞ்சியம். அவர்களோ நகரத்து ஆடவர் முன் வாய் திறக்க நாணுவர். பொறுமையாகப் பழகி அவர்களைப் பாடவைப்பதே பெரும்பாடு. இயல்பில் கூச்சமுடையவரும், அவைகளில் அதிகம் பேசாதவருமான பார்டோக், அக்குடிசைகளில் கழித்த நாள்களையே தம் வாழ்வின் இனிய நாள்களாகப் பின்னாளில் கருதினார்.

தம் இனத்தார் பாட்டோடு அவர் நின்றிருந்தால் நாட்டுப்பற்றாளர் என்ற பெயரோடு போயிருப்பார். அவர் சுலோவாக்கியர் ஊர்களுக்கும், ருமேனியர் ஊர்களுக்கும் சென்றார். அவர்கள் மொழிகளைக் கற்றார். 2700க்கு மேற்பட்ட ஹங்கேரியப் பாட்டுகளும், ஏறக்குறைய 3400 ருமேனியப் பாட்டுகளும், சுமார் 3000 சுலோவாக்கியப் பாட்டுகளும் அவர் சேகரிப்பில் சேர்ந்தன. 1913இல் ஆப்பிரிக்காவின் அல்ஜீரியாவுக்கும், 1936இல் துருக்கிக்கும் இதே வேலைக்காகச் சென்றார்.

இத்தனையும் ஆராய்ச்சி நூல்களில் மட்டும் அடங்கியிருந்தால் அறிஞர் சிலரே அறிவர். பார்டோக் 1907இல் இசைக்கழகத்தில் பியானோப் பேராசிரியரானார். தொடக்க மாணவர்க்கு எத்தகைய பாடங்கள் இருக்கின்றன, எத்தகையவை இல்லை என்பதை அவர் நேரிற் கண்டார். 1908இல் பத்து எளிய பியானோ இசைகளை எழுதினார். அவற்றுள் இரண்டு இன்றும் உலகெங்கும் மாணவர் விரல்களில் வாழ்கின்றன. ஒன்று டிரான்சில்வேனியாவின் மாலைப்பொழுது. ஐந்து சுரங்களே கொண்ட பழைய அமைப்பில் அமைந்தது. நம் இசையில் ஔடவம் என்போமே, அத்தகையது. விருத்தம் பாடுவதுபோலத் தாளக்கட்டின்றிப் பேச்சு நடையில் ஒரு பகுதி செல்லும். பிறகு ஊர்க்குழல் ஊதுவதுபோலத் துள்ளலான ஆட்டம் ஒன்று குறுக்கிடும். மீண்டும் முதற்பகுதி வரும். மற்றொன்று கரடியாட்டம். ஒரே சுரம் விடாது கொட்டு முழக்குவதுபோல் அதிர்ந்துகொண்டிருக்க, கரடியின் கனத்த அடியும் ஆட்டுவிப்பவன் பாட்டும் அதன்மேல் எழும். மினுவெட் பயின்ற கூடத்துக்குள் கரடி நுழைந்துவிட்டது!

தொடர்ந்து 1908, 1909 ஆண்டுகளில் எழுதியது குழந்தைகளுக்காக என்னும் தொகுப்பு. நான்கு பகுதிகள், 85 பாடங்கள், முதல் இரண்டு பகுதிகள் ஹங்கேரியப் பாட்டுகள், பின்னிரண்டு சுலோவாக்கியப் பாட்டுகள். ஓர் ஆசிரியனின் கண்ணோடு பார்க்கும்போது இந்நூலின் நுட்பம் வியப்பளிக்கிறது. சிறு கை ஒரு ஸ்தாயி அகலத்துக்கு விரியாது. ஆகவே அப்படி விரிக்க வேண்டிய இடமே அதில் இல்லை. கைக்குத் தக்கபடி பாடத்தைக் குறுக்கினாரே அன்றி, குழந்தைதானே என்று இசையைக் குறுக்கவில்லை. வலக்கை பாட்டைச் சொல்லும்போது, மற்றப் பாடநூல்களில் இடக்கை ஒரே மாதிரியாகத் தட்டிக்கொண்டிருக்கும். பார்டோக்கின் இடக்கையோ சில இடங்களில் நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கும். சில இடங்களில் எதிர்பாராத சுரங்களைச் சேர்த்துப் பாட்டுக்குப் புது முகம் காட்டும். சில இடங்களில் வாளாவிருக்கும். பொருளும் அப்படியே. படைவீரன் பாட்டும் உண்டு, குடியன் பாட்டும் உண்டு, இறந்தவர்க்கான பாட்டும் உண்டு. குழந்தைக்குப் பொம்மையும் பூவும் போதும் என்று அவர் கருதவில்லை. நாட்டுப்புறத்துக் குழந்தை சாவையும் பிரிவையும் கண்டுதானே வளர்கிறது?

ஒன்றையும் மறைக்காமல் நினைக்கவேண்டும். அப்பாட்டுகளைத் தந்த பண்ணையாட்கள் பலருடைய பேரக்குழந்தைகளுக்கு பியானோவைத் தொடும் வாய்ப்புக்கூட இருந்திருக்காது. பாடநூலில் பாட்டு ஏறிவிட்டது. பாடியவன் வீட்டுக்குக் கருவி வந்துசேரவில்லை. அது பார்டோக்கால் தீர்க்கக்கூடிய குறையன்று. எனினும் அவர் செய்ததன் அளவை இதனால் குறைத்து மதிக்கவும் கூடாது. செல்வர் வீட்டுக் குழந்தை முதன்முதல் கட்டையில் விரல் வைக்கும்போது, அது கற்கும் இசை பண்ணையாளின் இசையாக இருக்கும்படி செய்தார்.

1915இல் வந்த ருமேனிய நாட்டுப்புற ஆட்டங்கள் ஆறும் ஓரளவு பழகிய மாணவர்க்கு உரியவை. கோல் பிடித்து ஆடும் ஆட்டம் முதலில், கச்சையாட்டம் அடுத்தது, நின்ற இடத்திலேயே மிதித்து ஆடுவது மூன்றாவது, இறுதியில் விரைந்தடி வைக்கும் ஆட்டம். எல்லாம் சேர்ந்து ஏழு நிமிடத்துக்கும் குறைவே. இவற்றை அவர் டிரான்சில்வேனிய ஊர்களில் வயலின் வாசிப்போரிடமும் குழல் ஊதுவோரிடமும் கேட்டார். அவ்வயலின்காரருட் சிலர் ஜிப்சிகள். ரோமா என்று இன்று அழைக்கப்பெறும் அம்மக்களின் முன்னோர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பதை மொழியறிஞர் நிறுவியுள்ளனர். ஐரோப்பா முழுவதும் ஊருக்குப் புறம்பே நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். திருமணத்தில் அவர்கள் வாத்தியம் வேண்டும். பந்தியில் அவர்கள் வேண்டா. காப்பிக் கடை ஜிப்சி இசையை மிகக் கடுமையாக மறுத்து எழுதிய பார்டோக், ஊர்ப்புறத்து ஜிப்சி வயலின்காரர் முன் செவிசாய்த்து நின்றார் என்பது கருதத் தக்கது.

முதல் உலகப்போர் முடிந்தபின் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. பார்டோக் பிறந்த ஊரும், அவர் பாட்டுத் தேடிய ஊர்கள் பலவும் அயல்நாடாயின. அந்த நேரத்தில் ருமேனியர் பாட்டைப் பற்றி எழுதிய குற்றத்திற்காக, 1920இல் சொந்த நாட்டு நாளேடுகளில் நாட்டுப்பற்றற்றவர் என்று தாக்கப்பட்டார். பின்னர் ருமேனியர் தரப்பிலிருந்தும் தாக்குதல் வந்தது. இரு பக்கமும் அடிவாங்குபவன் பெரும்பாலும் உண்மையின் பக்கம் நிற்பவனாக இருப்பான். அவர் தம் சேகரிப்பை நிறுத்தவில்லை. 1934இல் பியானோ கற்பிக்கும் பணியிலிருந்து விலகி, அறிவியற் கழகத்தில் அமர்ந்து பாட்டுகளை வகைப்படுத்தும் வேலையில் முழுதும் ஈடுபட்டார்.

இதற்கிடையே வீட்டில் ஒரு மாணவன் வந்து சேர்ந்தான். இளைய மகன் பேட்டர் 1924இல் பிறந்தவன்; ஒன்பதாம் வயதில் தந்தையிடமே பியானோ கற்கத் தொடங்கினான். 1926இலேயே அரும்பிய மைக்ரோகாஸ்மோஸ் என்னும் தொகுப்பு இக்காலத்தில் வளர்ந்து 1939இல் நிறைவெய்தியது. சிற்றுலகம் என்பது அப்பெயரின் பொருள். ஆறு பகுதிகள், 153 பாடங்கள். முதலிரண்டு பகுதிகள் பேட்டருக்கே உரிமையாக்கப்பட்டன. முதற்பாடத்தில் இரு கைகளும் ஒரே மெட்டையே வாசிக்கும். விரல்கள் இடம் பெயராமல் ஐந்து கட்டைகளின் மேலேயே நிற்கும். அங்கிருந்து படி படியாக, ஒரு கை கேட்க மறுகை விடைசொல்வது, ஒரு கை முன்செல்ல மறுகை பின்தொடர்வது என்று வளர்ந்து, கைதேர்ந்த கலைஞரும் வியர்க்கும் அளவுக்கு உயர்கிறது. நடுவே குரலோடு பாட வேண்டியவையும் உண்டு. பாடத் தெரியாதவன் வாசிக்கவும் இயலாது என்பது அவர் கொள்கை. சிலந்தி வலையில் சிக்கிய ஈயின் நாட்குறிப்பு என்றொரு வேடிக்கையான பாடமும் ஆறாம் பகுதியில் உண்டு.

இறுதி ஆறு பாடங்கள் பல்கேரிய நடையில் அமைந்த ஆட்டங்கள். மேலைநாட்டு மாணவன் இரண்டும் மூன்றும் நான்குமாகச் சமமாக எண்ணியே பழகியவன். இரண்டும் மூன்றுமாக ஐந்து எண்ணு, இரண்டும் இரண்டும் மூன்றுமாக ஏழு எண்ணு என்றால் திகைப்பான். கண்டசாப்பும் மிசிரசாப்பும் கேட்டு வளர்ந்த நம் செவிக்கு அது வியப்பன்று. பல்கேரிய ஊர்களில் கல்வியறியா ஆடவரும் பெண்டிரும் கைகோத்து அந்நடையில் தடுமாறாமல் ஆடுகின்றனர். கற்றவன் திகைப்பதும், கல்லாதவன் ஆடுவதும்!

அந்த ஆண்டுகளில் ஐரோப்பாவை நாசிசம் சூழ்ந்தது. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும், பார்டோக் உறுப்பினராயிருந்த வியன்னா நகரத்து உரிமைத்தொகைச் சங்கம் அவருக்கு ஒரு படிவம் அனுப்பியது. குருதியால் நீ எவ்வினம், ஆரியனா, அல்லவா என்று வினவிய படிவம். அவர் யூதர் அல்லர். ஒரு வரி எழுதியிருந்தால் தொல்லையின்றி வருவாய் வந்துகொண்டிருக்கும். அவரும் கோடாயும் நிரப்ப மறுத்தனர். தம் நூல்களை வெளியிட்டுவந்த வியன்னா நிறுவனத்தைத் துறந்து இலண்டன் நிறுவனத்துக்கு மாறினார். மைக்ரோகாஸ்மோஸ் 1940இல் அங்கிருந்தே வெளிவந்தது. அதற்கு முன்பே தம் வாசிப்பை ஜெர்மானிய, இத்தாலிய வானொலிகள் ஒலிபரப்பக் கூடாதென்று தடுத்திருந்தார். பின்னர் 1942இல் இசையில் இனத்தூய்மை என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மக்களின் பாட்டு அண்டை மக்களிடம் சென்று, உருமாறித் திரும்பி வந்து, மீண்டும் கலந்து வளர்வதாலேயே நாட்டுப்புற இசை செழித்தது. தூய்மை பேசி அடைத்து வைத்த இடத்தில் அது வறண்டது என்பதே அதன் சாரம். ஆயிரக்கணக்கான பாட்டுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு ஆராய்ந்த மனிதர் கண்ட முடிபு அது. வெறும் நல்லெண்ணப் பேச்சன்று.

தாயார் 1939 டிசம்பரில் மறைந்தார். அவர் உயிரோடிருந்தவரை நாட்டைவிட்டுப் போக மனமில்லாதிருந்த மகன், 1940 அக்டோபரில் மனைவி டிட்டாவோடு அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். புறப்படுமுன் எழுதிய உயிலில், பூடாபெஸ்டில் ஹிட்லர் பெயராலும் முசோலினி பெயராலும் இடங்கள் இருக்கும்வரை தம் பெயரை எந்தத் தெருவுக்கும் இடக்கூடாதென்று குறித்தார்.

நியூயார்க்கில் கொலம்பியப் பல்கலைக்கழகம் தெற்குச் சுலாவியர் பாட்டுகளை எழுத்தில் வடிக்கும் பணியைத் தந்தது. அது முடிந்தபின் வருவாய் சுருங்கியது, உடல் நலிந்தது. இரத்தப் புற்றுநோய். மருத்துவச் செலவை அமெரிக்க இசையமைப்பாளர் சங்கம் ஏற்றது. மருத்துவமனையில் இருந்தவரைத் தேடி வந்து பாஸ்டன் இசைக்குழுத் தலைவர் குசேவிட்சுகி 1000 டாலர் தருவதாகச் சொல்லிப் படைப்பொன்று கேட்க, 1943இல் இரண்டு மாத அளவில் வாத்தியக்குழுவுக்கான கான்செர்ட்டோவை எழுதி முடித்தார். 1944 டிசம்பர் முதல் நாள் அது அரங்கேறியது. அந்த நோய்க்காலத்திலேயே, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய குழந்தைகள் தொகுப்பையும் மீண்டும் கையிலெடுத்தார். சிலவற்றை நீக்கி, சிலவற்றைத் திருத்தி, 85 பாடங்களை 79 ஆக்கி இரண்டு பகுதிகளாக ஒழுங்குபடுத்தினார். இன்று மாணவர் பெரும்பாலும் பயில்வது அத்திருத்தப் பதிப்பையே.

கடைசியாக எழுதியது மூன்றாம் பியானோக் கான்செர்ட்டோ. தம் மறைவுக்குப்பின் மனைவி வாசித்துப் பிழைக்க உதவும் என்று எண்ணி எழுதியது. அதன் கடைசி 17 தாள அளவுகளைக் குழுவாத்தியங்களுக்குப் பிரித்து எழுத வேண்டியிருந்தபோது மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். 1945 செப்டம்பர் 26ஆம் நாள் உயிர் பிரிந்தது. எஞ்சிய பகுதியை அவர் நண்பர் டிபோர் செர்லி நிறைவு செய்தார். நியூயார்க்கை அடுத்த இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்ற உடலின் எச்சம் 1988ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஹங்கேரிக்குக் கொண்டுவரப்பட்டு, பூடாபெஸ்டில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.